‘டி.டி.எஸ். பிடித்துவிட்டார்களே!’: கன்சல்டன்ட் மருத்துவர்களுக்கு வருமான வரி அரிச்சுவடி

அண்மையில் மதுரையில் என் அலுவலகத்துக்கு ஒரு மயக்கவியல் மருத்துவர் வந்தார். மேற்படிப்பை முடித்து ஓராண்டு ஆகிறது. எந்த மருத்துவமனையிலும் அவர் ஊழியர் இல்லை. அறுவை சிகிச்சை உள்ள நாட்களில் மூன்று மருத்துவமனைகள் அழைக்கும், போய்வருவார். வங்கிப் பாஸ்புத்தகத்தை மேசையில் வைத்து, "மூன்று இடத்திலும் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள் சார். வரி கட்டியாகிவிட்டது. ரிட்டர்ன் மட்டும் போட்டுக் கொடுங்கள்" என்றார். (டி.டி.எஸ். என்பது, பணம் தருபவரே முன்கூட்டிக் கழித்து உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டிவிடும் தொகை.) ஆண்டு வருமானத்தையும் அவரே கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்: 21,60,000 ரூபாய்.

அந்தச் சீட்டில் ஒரு பிழை, அவர் பேச்சில் இன்னொரு பிழை. புதிதாகத் தனித்தொழில் தொடங்கும் மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் செய்கிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் சீட்டு. மருத்துவமனை ஒரு மாதத்துக்கு ஒரு லட்சம் கட்டணம் என்று கணக்கெழுதினால், 10,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 90,000 ரூபாயை வங்கியில் போடும். பாஸ்புத்தகத்தில் தெரிவது 90,000 மட்டும். ஆனால் உங்கள் வருமானம் ஒரு லட்சம். பிடித்த 10,000 ரூபாய் உங்கள் பெயரில், உங்கள் பான் எண்ணில், அரசிடம் இருக்கிறது. அந்த மருத்துவரின் மொத்த வரவு 24 லட்சம். பிடித்தம் 2,40,000 போக வங்கிக்கு வந்ததுதான் 21,60,000. வங்கிக்கு வந்ததை வருமானமாகக் காட்டிவிட்டு, பிடித்த தொகையை மட்டும் முழுதாக உங்கள் வரியில் கழிக்கச் சொன்னால், உங்கள் பான் எண்ணில் பதிவான பிடித்தங்களைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் உள்ள 24 லட்சமும் ரிட்டர்னில் உள்ள 21.6 லட்சமும் மோதும். ஆள் யாரும் உட்கார்ந்து சரிபார்க்கத் தேவையில்லை, கணினியே நோட்டீஸ் அனுப்பிவிடும்.

அடுத்தது பேச்சில் இருந்த பிழை. பிடித்தம் வேறு, வரி வேறு. 194ஜே பிரிவின்படி தொழில்முறைக் கட்டணத்துக்கு மருத்துவமனை 10 சதவீதம் பிடிக்கிறது. (2025 ஏப்ரல் முதல், ஒரு மருத்துவமனையிலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் இந்தப் பிடித்தம், அதற்கு முன் 30,000 ரூபாயாக இருந்தது.) அந்த 10 சதவீதம் உங்கள் வரியின் அளவு தெரியாமலே எடுக்கப்படும் முன்பணம். உங்களுக்கு உண்மையில் வர வேண்டிய வரி அதைவிட மிகக் குறைவாக இருக்கலாம், மிக அதிகமாகவும் இருக்கலாம். அந்த மயக்கவியல் மருத்துவருக்குக் குறைவு. எவ்வளவு குறைவு என்று சொன்னபோது அவர் நம்பவில்லை.

பாதி லாபம் என்னும் ஏற்பாடு

2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 44ஏடிஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர் போன்ற தொழிலர்களுக்கானது. அதன் சாரம் எளிது. மொத்த வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபம் என்று காட்டி வரி கட்டலாம். மீதிப் பாதி செலவுக்குப் போனதாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். பில் வேண்டாம், கணக்குப் புத்தகம் வேண்டாம், தணிக்கை வேண்டாம். 2023-24 நிதியாண்டு முதல், ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் இந்த வரம்பு 75 லட்சம்.

இனி அந்த மருத்துவரின் கணக்கைப் பார்ப்போம். இங்கே நான் தரும் எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டு வருமானத்துக்குரியவை. வரவு 24 லட்சம், அதில் பாதி 12 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு 87ஏ பிரிவின் கழிவு உண்டு, ஆகவே வரி பூஜ்ஜியம். பிடித்த 2,40,000 ரூபாயும் திரும்பி வர வேண்டியது.

ஆனால் அவருக்கு வங்கியில் வைப்புத்தொகை ஒன்று இருந்தது. அதன் வட்டி 30,000 ரூபாய். அதைச் சேர்த்தால் மொத்த வருமானம் 12,30,000. 12 லட்சத்தைத் தாண்டியதும் முழுக் கழிவும் பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. தாண்டிய தொகையைவிட அதிகமாக வரி வராதபடி சட்டத்திலேயே ஒரு தடுப்பு உண்டு. எனவே வரி 30,000, அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை 1,200, ஆக மொத்தம் 31,200 ரூபாய். 30,000 ரூபாய் வட்டி முழுவதும் வரிக்கே போய், அதற்கு மேல் 1,200 ரூபாயும் போய்விட்டது. ஆண்டுத் தொடக்கத்திலேயே வந்திருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் போடச் சொல்லியிருப்பேன். அந்த வட்டிக்கு வரி இல்லை. இருந்தும் அவருக்குத் திரும்ப வர வேண்டிய தொகை 2,08,800 ரூபாய். ‘வரி கட்டியாகிவிட்டது’ என்று நினைத்துப் பேசாமல் இருந்திருந்தால் அது அரசிடமே கிடந்திருக்கும்.

ஆண்டுதோறும் இப்படிப் பிடித்தம் மிஞ்சும் என்று தெரிந்தவர்கள், ரீஃபண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லும் சான்றிதழை வருமான வரித் துறையிடம் விண்ணப்பித்துப் பெற்று, மருத்துவமனைக்குக் கொடுக்கலாம். இதற்கு 197 என்ற பிரிவு இருக்கிறது. மருத்துவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். கல்விக் கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளம் மருத்துவருக்கு மாதம் 20,000 ரூபாய் கையில் இருப்பதற்கும், ஒன்றரை வருடம் கழித்து மொத்தமாக வருவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

அதே 24 லட்சம் சம்பளமாக வந்தால்?

சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக 23,25,000 ரூபாய்க்கு வரி. தீர்வையோடு சேர்த்து 2,92,500 ரூபாய். ஒருபக்கம் ஏறத்தாழ மூன்று லட்சம், மறுபக்கம் பூஜ்ஜியம். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே யோசனை வரும்: "என் சம்பளத்தைக் கன்சல்டன்ட் கட்டணம் என்று மாற்றிக் கொடுக்கச் சொல்லட்டுமா?"

வேண்டாம். ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மாதாமாதம் நிலையான தொகை, குறித்த நேரத்துக்கு வந்து போக வேண்டும், விடுப்புக்கு விண்ணப்பம், வேறு எங்கும் பார்க்கக் கூடாது என்றெல்லாம் இருந்தால், பெயர் எதுவானாலும் அது வேலைதான். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு, வேறு இடங்களில் பார்க்க உரிமை, பிராவிடன்ட் ஃபண்டும் பணிக்கொடையும் இல்லை என்றால் அது தொழில். புனேயைச் சேர்ந்த ஒரு மருத்துவமனையின் கன்சல்டன்ட்கள் ஊழியர்களா என்று வருமான வரித் துறை எழுப்பிய வழக்கில், 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இத்தகைய அம்சங்களைப் பார்த்துத்தான் அவர்கள் ஊழியர்கள் அல்லர் என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே படித்துப் பாருங்கள். மருத்துவமனை ஆண்டு முடிவில் படிவம் 16 தந்தால் அது உங்களைச் சம்பளக்காரராகக் கருதுகிறது. படிவம் 16ஏ தந்தால் தொழிலராகக் கருதுகிறது.

இன்னொன்றையும் அந்த மருத்துவரிடம் சொன்னேன். இவ்வளவு பணம் திரும்ப வருகிறதே என்று மகிழ்ந்தவரிடம் இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. சம்பளக்காரப் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம், சம்பளத்தோடு. மாதம் இரண்டு லட்சம் வாங்குபவருக்கு அது ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். கன்சல்டன்ட்டுக்கு அந்த ஆறு மாதமும் வருமானமே இல்லை. அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் என்று வைத்தால், நிறுவனம் பிராவிடன்ட் ஃபண்டுக்குப் போடும் 12 சதவீதம் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய், அதுவும் இல்லை. கை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்தால் யாரும் எதுவும் தர மாட்டார்கள். மிச்சமான வரியைச் செலவுக்குரிய பணமாகப் பார்க்காதீர்கள். அந்த இடைவெளியை நீங்களே நிரப்புவதற்குக் கிடைத்த தொகை அது. மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பு, ஓய்வூதியத்துக்கு பி.பி.எஃப். அல்லது என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்). இவற்றைத்தான் நான் முதலில் எழுதிக் கொடுப்பது. வரிச் சலுகை கிடைக்கிறதா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

மாலைநேர கிளினிக் வந்ததும் கணக்கு மாறுகிறது

மருத்துவமனைப் பணத்துக்கு மட்டுமே டி.டி.எஸ். உண்டு. உங்கள் கிளினிக்கில் நோயாளி தரும் 300 ரூபாயில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. மருத்துவமனையிலிருந்து 30 லட்சம், கிளினிக்கிலிருந்து 40 லட்சம் வரும் ஒரு மருத்துவரை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 70 லட்சம், பாதி லாபம் 35 லட்சம். புதிய முறையில் வரியும் தீர்வையும் சேர்த்து 6,55,200 ரூபாய். மருத்துவமனை பிடித்தது 3 லட்சம்தான். மீதி 3,55,200 ரூபாயை அவரே, மார்ச் 15க்குள் முன்கூட்டிய வரியாகக் கட்ட வேண்டும். தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி ஓடத் தொடங்கும். 44ஏடிஏ எடுப்பவர்களுக்கு இந்த ஒரே தவணை போதும். கணக்குப் புத்தகம் வைப்பவர்களுக்கு நான்கு தவணைகள்: ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். டி.டி.எஸ். போக நிற்கும் வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே முன்கூட்டிய வரி பொருந்தும்.

இந்த உதாரணத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 70 லட்சத்துக்கு 44ஏடிஏ கிடைக்க வேண்டுமானால் ரொக்க வரவு 3,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 20 பேர், தலைக்கு 300 ரூபாய், மாதம் 25 நாள் என்று ரொக்கமாக வாங்கினால் ஆண்டுக்கு 18 லட்சம். வரம்பு உடனே 50 லட்சத்துக்கு இறங்கிவிடும். 70 லட்சம் அதற்கு மேல் இருப்பதால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் மேசையில் ஒட்டியிருக்கும் ஒரு கியூஆர் அட்டை இத்தனை பெரிய வேலையைச் செய்கிறது. முதியவர்கள் ரொக்கம்தான் தருவார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் அந்தத் தொகையை அன்றாடம் எழுதி வையுங்கள். வரம்பு நெருங்குகிறதா என்று டிசம்பரிலேயே தெரிந்துவிடும்.

பாதிக்கு மேல் செலவாகிறவர்களுக்கு

மயக்கவியல் மருத்துவருக்குப் பெட்ரோலும் போனும் தவிரச் செலவு குறைவு. அவருக்கு 44ஏடிஏ ஒரு வரம். கிளினிக் வாடகை, இரண்டு செவிலியர் சம்பளம், கருவிக் கடனின் வட்டி என்று ஓடும் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு அப்படி இல்லை. வரவு 40 லட்சம், உண்மையான செலவு 26 லட்சம் என்று வைப்போம். லாபம் 14 லட்சம், வரி 93,600 ரூபாய். 44ஏடிஏ எடுத்தால் லாபம் 20 லட்சமாகிவிடும், வரி 2,08,000 ரூபாய். வித்தியாசம் 1,14,400. தணிக்கைக் கட்டணத்தைக் கொடுத்தாலும் கணக்கு வைப்பதுதான் லாபம். பாதிக்குக் கீழே லாபம் காட்டினால், வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும் பட்சத்தில், தணிக்கை கட்டாயம் என்பதை மறக்க வேண்டாம்.

கணக்கு என்றால் வவுச்சர் கட்டு மட்டும் போதாது. மருத்துவர்களுக்கென்றே படிவம் 3சி என்று ஒரு தினசரிப் பதிவேடு விதிகளில் இருக்கிறது. தேதி, வரிசை எண், நோயாளி பெயர், என்ன சிகிச்சை, எவ்வளவு கட்டணம், எந்தத் தேதியில் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். வரவேற்பு மேசையில் இருப்பவர் எழுதிவிடலாம். மார்ச் மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில் ஓராண்டுப் பதிவேட்டை எழுதிக் கொண்டுவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தணிக்கைக்கு எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

செலவாகக் கழிக்கத் தகுந்தவை நிறைய: தொழில் பொறுப்புக் காப்பீடு, மருத்துவக் கவுன்சில் பதிவுக் கட்டணம், சொந்தப் பணத்தில் போன மாநாடு, சஞ்சிகைச் சந்தா, மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரி. கருவிகளுக்குத் தேய்மானம் 15 சதவீதம். டீஃபிப்ரிலேட்டர் போன்ற பட்டியலிடப்பட்ட உயிர்காக்கும் கருவிகளுக்கு 40 சதவீதம். 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய ஆண்டில் இதில் பாதிதான் கிடைக்கும். கருவி வாங்குவதென்று முடிவானால் செப்டம்பர் மாதத்திலேயே வாங்கிப் பொருத்துங்கள், மார்ச் வரை தள்ளாதீர்கள்.

கழிக்கக் கூடாதவையும் உண்டு. நோயாளியை அனுப்பியவருக்குக் கொடுக்கும் கமிஷன் ஒருபோதும் செலவாகாது. மருத்துவ நெறிக்கு விரோதமான அந்தப் பணத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை, நானும் ஏற்பதில்லை. கணவர் பெயரிலோ மனைவி பெயரிலோ சம்பளம் எழுதினால், அவருக்குத் தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி இருந்து, அந்த அறிவால் வேலை செய்தாலொழிய அது உங்கள் வருமானத்திலேயே திரும்பச் சேரும். மருந்து நிறுவனம் தரும் பயணமும் பரிசும் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால், 2022 ஜூலை முதல் அதற்கும் 10 சதவீதம் டி.டி.எஸ். உண்டு. அது வருமான வரித் துறை தரும் ஏ.ஐ.எஸ். என்ற உங்கள் ஆண்டுத் தகவல் அறிக்கையில் தெரியும், வருமானமாகக் காட்டியே ஆக வேண்டும். அதே ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மருத்துவர்களுக்கு இப்படிக் கொடுப்பதை நிறுவனங்கள் செலவாகக் கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. வாங்காமல் இருந்துவிடுவது எல்லா வகையிலும் நல்லது.

44ஏடிஏவா கணக்கா என்று ஆண்டுக்கு ஆண்டு மாற்றி முடிவு செய்யலாம். வியாபாரிகளுக்கான 44ஏடி பிரிவில், ஒருமுறை விலகினால் ஐந்தாண்டுக்குத் திரும்ப முடியாது என்று இருக்கும் கட்டுப்பாடு இதில் இல்லை. கருவி வாங்கும் ஆண்டில் கணக்கு, மற்ற ஆண்டுகளில் பாதி லாபம் என்று போவதில் தவறில்லை.

பழைய முறையா, புதிய முறையா?

பழைய முறையில் கழிவுகள் நிறைய, வரி விகிதம் அதிகம். புதிய முறையில் விகிதம் குறைவு, கழிவுகளும் குறைவு. இதில் அதிகம் தயங்க வேண்டாம். 18 லட்சம் லாபத்துக்குப் புதிய முறையில் தீர்வைக்கு முன் வரி 1,60,000 ரூபாய். பழைய முறையில் அதே அளவுக்கு இறக்க வேண்டுமானால் சுமார் 6,40,000 ரூபாய்க்கு மேல் கழிவுகள் வேண்டும். 80சி பிரிவின் சேமிப்புகள், மருத்துவக் காப்பீடு, என்.பி.எஸ்., வீட்டுக் கடன் வட்டி எல்லாவற்றையும் முழுமையாகப் பயன்படுத்தினாலும் அந்த எண்ணைத் தொடுபவர்கள் குறைவு. தொழில் வருமானம் உள்ளவர்கள் ஒருமுறை பழைய முறைக்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், மறுபடி பழையதற்குப் போக வழியில்லை. சம்பளக்கார நண்பர் ஆண்டுதோறும் மாற்றுகிறாரே என்று அவரைப் பார்த்து நீங்களும் மாற்றாதீர்கள்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. 44ஏடிஏவின் உள்ளடக்கம் 58ஆம் பிரிவிலும், 194ஜேயின் உள்ளடக்கம் 393ஆம் பிரிவிலும் இருக்கிறது. பேச்சு வழக்கில் எல்லோரும் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள், அதனால் நானும் அதையே எழுதினேன்.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமாக. சிகிச்சைக் கட்டணத்துக்கு விலக்கு உண்டு. மருத்துவமனை வழியாக வரும் கன்சல்டன்ட் கட்டணத்துக்கும் விலக்கு உண்டு என்று 2018 பிப்ரவரிச் சுற்றறிக்கை தெளிவாக்கியிருக்கிறது. அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கும் முடி மாற்று சிகிச்சைக்கும் விலக்கு இல்லை. மருந்து நிறுவனத்துக்கு ஆலோசனை சொல்லிப் பெறும் பணத்துக்கும் இல்லை. அப்படி வரி விதிக்கத்தக்க வரவு கொஞ்சமே இருந்தாலும், ஜி.எஸ்.டி. பதிவுக்கான 20 லட்சம் வரம்பைக் கணக்கிடும்போது விலக்குப் பெற்ற சிகிச்சை வரவும் சேரும். இந்த இடத்தில் பலர் சறுக்குகிறார்கள்.

அந்த மயக்கவியல் மருத்துவர் கிளம்பும்போது இன்னொரு சிக்கலோடு திரும்பி வந்தார். ஒரு மருத்துவமனை மார்ச் மாதக் கட்டணத்தை மே மாதம்தான் வங்கியில் போட்டிருக்கிறது. ஆனால் டி.டி.எஸ்ஸை மார்ச் தேதியிலேயே காட்டிவிட்டது. அவர் வரவை வந்த தேதியில் கணக்கில் எடுப்பவர். அப்படிச் செய்ய அவருக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் வருமானத்தை எந்த ஆண்டில் காட்டுகிறோமோ, அதற்குரிய பிடித்தத்தையும் அந்த ஆண்டில்தான் கேட்க வேண்டும். மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம், ரிட்டர்னில் அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அந்த மார்ச் மாதக் கட்டணத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கட்டணம் எத்தனை நாளில் வரும் என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டு போனார்.